அதுக்கு முன்னாடி எந்த ஊர்?

மனித குலத்தில் பூர்வீக விசாரணைக்காரர் என்றொரு வகை உண்டு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. படிக்காதவரிலும் உண்டு, படித்தவரிலும் உண்டு. ஆனால் படித்தவரில் முளைப்பதுதான் கொழுகொழுவென்று வளரும். மற்றவர்கள் உங்களைப் பார்த்தால் சௌக்கியமா என்பார்கள், மழை வருமா என்பார்கள், கொஞ்சம் வழியை விட்டு நில்லுங்கள் என்பார்கள். இவர் எந்த ஊர் என்பார். நீங்களும் அப்பாவியாக, இதே ஊர்தான், அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கள் வீடு என்று கையைக் காட்டுவீர்கள். அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பொய் சொல்லும் குழந்தையிடம் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

மாட்டிக்கொண்டீர்கள். அப்பா எங்கே பிறந்தார், இங்கேயேதான், தாத்தா, அவரும் இங்கேதான், அவருடைய அப்பா, தெரியவில்லையே சார், யோசித்துப் பாருங்கள், கப்பலில் வந்தாரா, ரயிலில் வந்தாரா, கால்நடையாகவே வந்தாரா என்று உங்களைத் தலைமுறை தலைமுறையாகப் படியிறக்கி, உங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்திராத, தேசப்படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஏதோவொரு புள்ளியில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அவருக்கு மூச்சே சீராக வரும். "அதானே பார்த்தேன்!" என்பார். எதைப் பார்த்தார்? அது அவருக்கே வெளிச்சம். அதற்கப்புறம் உங்கள் ஆட்கள் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்படிக் கோபப்படுவார்கள், எதற்கு அழுவார்கள் என்று உங்களுக்கே பாடம் நடக்கும். நான் அப்படி இல்லையே என்று வாயைத் திறந்தால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இந்த வகையில் முதல் தரமான ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். சமூகவியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூர்வீகம். "பூர்வீகம் வந்துட்டாரா?" "பூர்வீகம் இன்னிக்கு லீவு, தப்பிச்சோம்." பெயர் அவர் காதுக்கும் எட்டியது. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மேடையில் அவர் சிங்கம். இனம் என்பது இயற்கை போட்ட கோடு இல்லை, மனிதன் போட்டுக்கொண்ட வேலி. பல மக்கள் கலந்து வாழும் நாட்டில் சுத்தமானவன் என்று எவனும் கிடையாது. எல்லாரும் கலப்பு, கலப்பே வாழ்வு, கலப்பே வருங்காலம் என்று அவர் கையை வீசிப் பேசினால் பின் வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து கைதட்டுவான். தட்டி முடித்து அவன் வெளியே வரும்போது வாசலில் இவர் பிடித்துக்கொள்வார். "நல்லாக் கவனிச்சியே தம்பி. நீ எந்த ஊர்?"

எல்லாரும் கலப்பு என்றால் அவரும்தானே? என்ன வார்த்தை சொன்னீர்கள்! அவர் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, ஆனால் இதுவரை ஒரு சொட்டு வெளியாள் ரத்தம் உள்ளே வந்ததில்லை. விருந்தாளிகளிடம் இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. ஆய்வுத் தகவல் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வார். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மனைவி சமையலறையிலிருந்தே பதில் கொடுப்பார்.

"ஊர்ல எல்லாரும் கலப்பாம். இவர் மட்டும் சீல் உடைக்காத பாட்டில்."

பேராசிரியருக்கு நேரம் காலம் கிடையாது. ஒருமுறை பல் பிடுங்கப் போனார். வாய் நிறையப் பஞ்சு, தாடை மரத்துப்போய்க் கிடக்கிறது, டாக்டரம்மா குறடோடு குனிகிறார். மனுஷன் கையைத் தூக்கி நிறுத்தி, பஞ்சுக்கு நடுவே ஏதோ முனகினார். வலிக்கிறதோ என்று பதறி அவர் பஞ்சை எடுத்தார். "உங்க பேரு ஒரு பக்கமா இருக்கு, மூக்கு ஒரு பக்கமா இருக்கு. அம்மா வழியில யாரு?" என்றார் இவர். அந்தப் பல் அதற்கப்புறம் சற்று அழுத்தமாகவே பிடுங்கப்பட்டது.

அவர் பேர் வாங்கியது ஒரு கோட்பாட்டினால். இடைத்தவிப்பு என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். இரண்டு இனத்துக்குப் பிறந்தவன் இரண்டிலும் ஒட்டாமல், எது தன் வீடு என்று தெரியாமல், ஆயுள் முழுக்க உள்ளுக்குள் தவித்துக்கொண்டே இருப்பான் என்பது அதன் சாரம். தடிமனான புத்தகமும் போட்டாகிவிட்டது. கூட்டத்தில் யாராவது கண்ணைத் துடைத்தால் அது தவிப்பு. தும்மினாலும் தவிப்புத்தான். கலப்பே வாழ்வு என்று மேடையில் முழங்குகிறவர் கலந்து பிறந்தவர்களைக் கண்டால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஏன் நிற்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தார் ஒரு மாப்பிள்ளை.

மகள் பிசியோதெரபி படித்தவள். மடங்காத முழங்காலை மடக்குவது அவள் தொழில், பேச்சும் அப்படித்தான் இருக்கும். அவள் பார்த்துக் கட்டிக்கொண்டவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ஒரு பக்கத்து ஆள். அம்மா தையற்காரர், வேறொரு பக்கம். பேராசிரியர் வீடோ மூன்றாவது பக்கம். மகள் விஷயத்தைச் சொன்ன அன்று அம்மாவுக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. அப்பாவுக்கு? பேராசிரியர் எழுந்து மகளைக் கட்டிக்கொண்டார். முற்போக்கு என்று அவள் நெகிழ்ந்துபோனாள். பாவம், வீட்டுக்குள்ளேயே ஆய்வுப்பொருள் வந்து சேர்ந்த சந்தோஷம் அது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முறை மாமனார் வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கனவு எந்த மொழியில வரும்?"

"கனவுல யாரும் பேசறதில்ல மாமா. பஸ்ஸை விட்டுட்டுப் பின்னாடி ஓடிட்டே இருப்பேன்."

"சின்ன வயசுல, நாம அப்பா பக்கமா அம்மா பக்கமான்னு ரொம்பத் தவிச்சிருப்பீங்க."

"இல்லையே மாமா. ரெண்டு பக்கமும் விசேஷத்துக்குக் கூப்பிடுவாங்க. ரெண்டுலயும் போய்ச் சாப்பிட்டுட்டு வருவேன்."

"அது வெளியே. உள்ளே தவிச்சிருப்பீங்க."

"வயிறு வேணும்னா தவிச்சிருக்கும்" என்று மாப்பிள்ளை சிரித்து, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

பேராசிரியர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் தவிக்கிறார்கள், புத்தகம் முழுக்கத் தவிக்கிறார்கள், சொந்த மாப்பிள்ளை மட்டும் தவிக்க மாட்டேன் என்கிறாரே! வேறொருவராக இருந்தால் கோட்பாட்டைக் கொஞ்சம் தட்டிப் பார்த்திருப்பார். இவர் யார்? தவிப்பு முற்றிப்போனால் தவிப்பதே தெரியாமல் போய்விடும் என்று அடுத்த பதிப்பில் ஓர் அத்தியாயம் கூடச் சேர்த்தார். இப்படிப்பட்ட அத்தியாயத்தை எதிர்த்து எந்த மனிதன் என்ன செய்ய முடியும்? சந்தோஷமாக இருந்தாலும் குற்றம்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் பேராசிரியர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பங்கு பிரித்தார். மூக்கு சம்பந்தி வீட்டு மூக்கு, தாடை சம்பந்தி அம்மாள் வழி, நெற்றி எங்கிருந்து வந்ததென்று பார்க்க வேண்டும், ஆனால் கால் விரலைப் பாருங்கள், கால் விரல் நம்ம வகை.

"பொறந்து ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ள பாகப்பிரிவினையா?" என்று மனைவி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். மனிதர் அந்தக் குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தார். மகள் வேலைக்குத் திரும்பியதும் செவ்வாய், வியாழன் பிற்பகல்கள் தாத்தாவுடையவை என்று ஏற்பாடாயிற்று; மற்ற நாள்கள் சம்பந்தி அம்மாளுடையவை. அந்த இரண்டு பிற்பகலும் அவர் கூடத்தில் நாலு காலில் குதிரையாகப் போவார், தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ராஜாவாக உட்காருவார், அவள் ஊட்டிவிடும் இல்லாத சாப்பாட்டை மென்று விழுங்கி, உப்பு குறைவு என்பார். கல்லூரியில் அவருக்குப் பயந்தவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் மன்னித்திருப்பார்கள்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, இவள் எந்த மொழியில் கேட்கிறாள் என்று பார்ப்பார். அவள் மூன்று மொழியிலும் கேட்பாள். கிடைக்காவிட்டால் நாலாவதாக அலறுவாள். அலமாரிக் கண்ணாடிமுன் நின்று தன்னையே உற்றுப் பார்ப்பாள். அவளைப் பார்த்தபடி இவர் நிற்பார், கண்ணில் பாசம் பாதி, கோட்பாடு பாதி.

இப்படியிருக்கையில் அவருக்கு ஒரு பெரிய மாநாட்டில் முதன்மை உரை கிடைத்தது. அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று மகள், புருஷனையும் குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் பேசினார். அன்றைக்குப் புது ஆய்வு. பெயர் சொல்லாமல் ஒரு குழந்தை. மூன்று இனம் கலந்த குழந்தை. தண்ணீர் கேட்கக்கூட ஒரு சொந்த வார்த்தை இல்லாமல் மூன்று மொழிகளுக்கு நடுவே தடுமாறி, கடைசியில் மொழியே இல்லாத ஓலத்தில் போய் விழும் குழந்தை. கண்ணாடிமுன் நெடுநேரம் நின்று, இந்த முகம் யாருடையது என்று தேடும் குழந்தை. சபை உச்சுக்கொட்டியது. முன் வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார்.

"தாத்தா!" என்றொரு குரல் பின்னாலிருந்து கணீரென்று வந்தது. அவ்வளவு நேரம் தூங்கி எழுந்த பேத்தி நாற்காலிமேல் ஏறி நின்று, கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, வாளி போட்டுக்கோ!"

மொத்த மண்டபமும் திரும்பிப் பார்த்தது. யார் அந்தக் குழந்தை என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகள் எழுந்து நின்று ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"அன்னிக்கு நான் கூட்டிட்டுப் போக வந்தப்ப அவ கண்ணாடியில பார்த்தது மூக்குல ஒட்டியிருந்த ஜாமைத்தான்ப்பா. நாக்கு எட்டலை. அதான் அவ்ளோ நேரம்."

சபை சிரித்துவிட்டது. பேராசிரியர் சிவந்தார். அப்போதாவது, தப்புதான்மா என்று இறங்கி வந்திருக்கலாம். அறிஞர் ஆயிற்றே! "இது உறவினர் பார்வை" என்றார். "ஆய்வாளன்னா ஒரு தூரத்துல நின்னுதான் பார்க்கணும்."

"தூரம்தானே? தாராளமா நில்லுங்கப்பா" என்றாள் மகள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழந்தை வரவில்லை. வியாழனும் வரவில்லை. எல்லா நாள்களும் சம்பந்தி அம்மாளுடைய நாள்கள் ஆகிவிட்டன. பேராசிரியர் கூடத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார், எழுந்து வாளியை நகர்த்தி வைத்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லாத பிற்பகல் இவ்வளவு நீளமா என்றிருந்தது. தவிப்பைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு அது எப்படியிருக்கும் என்று தெரிந்தது அப்போதுதான். அதை எழுதிவைக்க மட்டும் தோன்றவில்லை.

மனைவி நடுவில் புகுந்து பேசி ஒரு நிபந்தனையோடு திரும்பினார். ஒரு மாதம். யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. அம்மா, அப்பா, தாத்தா வழியும் கூடாது. மாதக் கடைசி ஞாயிறு மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. அதுவும் நல்லபடியாகப் போனால் செவ்வாய்க்கிழமை திரும்பக் கிடைக்கும்.

"கோட்பாட்டு ரீதியா ஒரு சின்ன..."

"கூடவே கூடாது" என்றார் மனைவி. மருந்துக்கடைக்காரர் குரலில் அதற்குமேல் பேரம் இல்லை.

அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாடு! மின்தூக்கியில் புதிதாக ஒருவர் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டார். டாக்சியில் ஓட்டுநரின் பெயர்ப்பலகையைப் படித்துவிடாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தார். வகுப்பில் ஒரு பெண் தானாகவே, சார் எங்க தாத்தா அந்தக் காலத்துல என்று ஆரம்பித்தபோது காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பூர்வீகத்துக்கு உடம்பு சரியில்லை என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு வந்தது. மகள் வீட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி அம்மாள் பரிமாறினார். பாதிச் சாப்பாட்டில் கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி, வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், உட்காருங்கள் உட்காருங்கள் என்ற உபசாரத்தில் ஒரு தட்டோடு உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியவில்லை! கண் ஒன்று சொன்னது, கன்ன எலும்பு மறுத்தது, பேச்சு இரண்டையும் பொய்யாக்கியது. இப்படியொரு ஆள் ஆயுளில் ஒருமுறைதான் எதிரே உட்காருவார். அவருக்கு வியர்த்தது. தண்ணீர் குடித்தார். வெயில் ஜாஸ்தி என்றார். ஏணி நல்ல ஏணி என்றார். கேட்கவில்லை.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஏணியைப் புகழ்ந்து வாயைக் கட்டிக்கொண்டதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. இன்னொரு கரண்டி சோறு அவர் தட்டில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் பேத்தி கீழே இறங்கி, மேல்வீட்டுப் பெண்மணியின் முழங்கால் அருகே போய் நின்றாள்.

"நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான் கண்ணு. உங்க மேல் வீடு."

பேத்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தலையை லேசாகச் சாய்த்தாள். ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். மேல்வீட்டுப் பெண்மணியும் சிரித்தார். மகளே உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். பேராசிரியர் அந்த நேரம் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தால் போதும், எல்லாம் சுபம். ஆனால் அவர் கண் நிறைந்துவிட்டது. பிறந்த அன்றிலிருந்து மூக்கிலும் நெற்றியிலும் எதைத் தேடினாரோ அது கிடைத்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"நம்ம ரத்தம்! பார்த்தீங்களா? அப்படியே நம்ம ரத்தம்! அந்தப் பக்கத்துச் சாயலே இல்ல!"

சம்பந்தி அம்மாள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். இத்தனை நாளும் அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்த மனுஷி.

"அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம் சம்பந்தி? நான் நிக்கிற பக்கமா?"

"ஐயோ, இல்லம்மா, நான் கோட்பாட்டு ரீதியா..." என்று ஆரம்பித்தவர், யார் முகமும் தன்னைப் பார்க்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை சிரிப்பது நின்றிருந்தது. அந்த வீட்டில் முதல்முறையாக அவர் முகத்தில் பேராசிரியர் தேடிய ஏதோவொன்று தெரிந்தது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறவனின் வலி. அதை அவர் தலையில் கொண்டுவந்து வைத்தவர் யார் என்பதும் மேசையில் எல்லாருக்கும் தெரிந்தது. மகள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுக் கிளம்புங்கப்பா."

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டே பழகிய வாய் அது, கேட்க வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு ஆளா என்கிறீர்கள். இருக்கட்டும். மாப்பிள்ளையின் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று மேலே வந்ததே, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டதைக் கவனித்தீர்களா? கவனித்தீர்கள். அந்த வரியிலிருந்தே உள்ளே ஓர் அரிப்பு. பஸ் ஓட்டினார் என்றால் இன்னாராக இருக்கும், தையல் என்றால் அந்த ஆட்கள்தான், பேராசிரியர் சந்தேகமே இல்லாமல் இவர்கள், மேல்வீட்டம்மா மட்டும்தான் பிடிபடவில்லை என்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவரையும் ஊர் ஊராக அனுப்பிவைத்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இப்போது இதை எழுதிய ஆள் யார், எந்த ஊர் என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் போகிறீர்கள். பாருங்கள், யார் தடுத்தது? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும், அது தூங்கின பிறகு பாருங்கள்.